எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஏரிக்கரையில் தயாராவது எப்படி?

நேபாளத்தின் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பெரும்பாலோர் 12 நாள் அளவில் நடந்து முடிக்கிறார்கள். ஒரு நாள் தூரம் மட்டும் பார்த்தால் பெரிதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கால்களோடு எழுந்து நடப்பதுதான் சோதனை. அந்தப் பழக்கத்தை உங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே உண்டாக்கலாம். பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

1. கரையை அளந்துகொள்ளுங்கள்
மதகிலிருந்து கலங்கல் வரை எவ்வளவு தூரம் என்று கைபேசிச் செயலியில் பார்த்துவிடுங்கள். கொடைக்கானல் ஏரியைப் போல 5 கிலோமீட்டர் சுற்றுச்சாலை எல்லா ஊரிலும் இருக்காது. கரைமேல் போய்த் திரும்பினால் போதும். தார்ச்சாலையைவிட மண்கரை நல்லது, அதன் மேடுபள்ளம் கணுக்காலைப் பழக்கும். புல் மண்டிய இடத்தில் பாம்பு இருக்கலாம் என்பதால் விடிந்தபின் கிளம்புங்கள்.

2. முதல் 4 வாரம்: வெறுங்கையோடு
வாரத்தில் 4 நாள், நாளுக்கு 5 கிலோமீட்டரில் தொடங்குங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். வாரத்தின் மொத்தத் தூரத்தை ஒவ்வொரு வாரமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். மலைக்குப் போட்டுப் போகும் ஷூவையும் காலுறையையும் இப்போதே பழக்குங்கள். எங்கே உரசுகிறது, எங்கே கொப்புளம் வருகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

3. 5 முதல் 8-ஆம் வாரம் வரை: முதுகில் சுமை
பெரிய மூட்டையைச் சுமைதூக்குபவரிடம் கொடுத்தாலும், தண்ணீர், மழைச்சட்டை, கம்பளிச் சட்டை உள்ள பையை நீங்கள்தான் சுமக்க வேண்டும். 3 கிலோவில் தொடங்கி 6 கிலோ வரை கூட்டுங்கள். எடைக்குத் தண்ணீர்ப் புட்டிகளையே வையுங்கள். முழங்கால் வலித்தால் கொட்டிவிட்டு லேசாகத் திரும்பலாம்.

4. 9 முதல் 11-ஆம் வாரம் வரை: அடுத்தடுத்த நாள்
சனிக்கிழமை 15 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 10. இரண்டு நாளும் பையோடு. உங்கள் தயாரிப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதை ஞாயிறு காலைக் கால்களே சொல்லும்.

5. ஐந்தாம் வாரம் முதல் படிகளும்
ஏரிக்கரை சமதளம். முகாமுக்குப் போகும் வழியில் உள்ள நாம்சே பஜாருக்கு முந்தைய ஏற்றம் மட்டும் சுமார் 600 மீட்டர். இறக்கம் இன்னும் கடினம்: உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே தொடைத் தசை நீள வேண்டியிருக்கும். பழகாத முழங்கால் அங்கேதான் படுத்துகிறது. வாரம் இருமுறை மலைக்கோயில் படியோ மாடிப்படியோ ஏறி இறங்குங்கள். திருத்தணியின் 365 படிகள் இதற்கு நல்ல அளவு. லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சி போச்சு.

6. கடைசி வாரம்: குறையுங்கள்
தூரத்தைப் பாதியாக்குங்கள், சுமையை இறக்கி வையுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

ஏரிக்கரை தராதது ஒன்று உண்டு: உயரம். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தொடங்கும். லுக்லாவே 2,860 மீட்டர், அடிவார முகாம் 5,364. கால் வலுவால் இந்த நோயைத் தடுக்க முடியாது. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறி மாட்டிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் அங்கேயே தங்குங்கள். முற்றினால் உடனே இறங்குங்கள்.

ஆகவே பயணத்துக்குப் பணம் கட்டும் முன், நாம்சேயிலும், அதற்கு மேலே உள்ள டிங்போச்சேயிலும் உடலை உயரத்துக்குப் பழக்க ஒவ்வொரு நாள் கூடுதலாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.