மித்தி ஆற்றங்கரை: சுவரும் அலையாத்தியும்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து, தாராவியை ஒட்டி ஓடி, மாகிமில் கடலோடு கலக்கும் மித்தி ஆறு கரைபுரண்டது. கடலேற்றமும் சேர்ந்தமையால் வெள்ளம் விரைவில் வடியவில்லை. குர்லா முதலிய தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின.

அதன்பின் ஆறு அகலப்படுத்தப்பட்டு, பல இடங்களில் தாங்கு சுவர்கள் எழுப்பப்பட்டன. வீடுகள் நெருங்கி நிற்குமிடத்தில் சுவர் இன்றியமையாததே. ஆயினும் வழவழப்பான சுவரையொட்டி நீர் விரைந்தோடுகிறது. அவ்விரைவு அடிமண்ணை அரித்து அடித்தளத்தைத் தளர்த்துகிறது. எனவே சுவரடியில் கல்லணைப்பும், பின்புற நீர் வடியத் துளைகளும் தேவை.

கடல்நீர் ஏறியிறங்கும் கழிமுகத்தில் நிலை வேறு. அங்கு அலையாத்தி மரங்களின் வேர்கள் நீரின் வேகத்தைத் தணித்து, வண்டலைப் பிடித்துக் கரையை நிலைநிறுத்துகின்றன. அணுசக்தி நகருக்குக் கிழக்கே தானே கடற்கழியோரத்திலும் இம்மரங்கள் உள்ளன. மகாராஷ்டிரத்தில் அலையாத்திகளை அழிப்பதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு தடை விதித்தது.

சுவரின் செலவு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறுகிறது. மரங்கள் ஆற்றும் பணி பெரும்பாலும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. ஆதலால் அவற்றை வெட்டுவது செலவற்றதாகத் தோன்றுகிறது. உண்மையில் அச்செலவை வெள்ளத்தின்போது கரையோர ஏழை மக்களே செலுத்துகின்றனர். கரை காக்கும் திட்ட மதிப்பீடு ஒவ்வொன்றிலும் இவ்விழப்பையும் செலவாகச் சேர்த்தல் வேண்டும்.