ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் செய்தால் விளம்பரம் மட்டுமா நிற்கும்?

மடத்துக்குளம் பஸ் ஸ்டாப்பில் உடுமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மொபைலில் ஒரு செய்தியைத் திறக்கிறீர்கள். நாலு வரி படிப்பதற்குள் கீழேயிருந்து ஒரு விளம்பரம் ஏறி வருகிறது. மூடுகிற குறி பொடிசாக இருக்கிறது. விரல் கொஞ்சம் தவறினால் வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது. "குரோம் செட்டிங்ஸ்ல ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணிடுங்க, ஒண்ணும் வராது" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு பொத்தானோடு சேர்ந்து வேறு என்னென்ன நிற்கும் என்று தெரிந்துகொண்டு அதைத் தொடுங்கள்.

இணையப் பக்கத்தில் எழுத்தும் படமும் ஒரு பகுதி. அந்தப் பக்கத்தை இயங்க வைப்பது ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில்தான் இன்றைக்கும் பெரும்பாலான பக்கங்களின் ஸ்கிரிப்ட் எழுதப்படுகிறது. இந்த நிரல் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில் இல்லை, உங்கள் கையில் இருக்கும் போனில். அதனால்தான் அதை நிறுத்தும் வசதியும் உங்களிடமே இருக்கிறது.

விளம்பரம் பொதுவாகப் பக்கத்தில் ஒட்டப்பட்டு வருவதில்லை. காலி இடம் மட்டும்தான் வரும். பக்கம் திறந்ததும் ஸ்கிரிப்ட் ஓடி, "இங்கே ஒரு இடம் இருக்கு, யார் எவ்வளவு தருவீங்க?" என்று விளம்பர நிறுவனங்களிடம் கேட்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் படம் அந்த இடத்தில் வந்து உட்காரும். அதோடு முடியவில்லை. படத்தின் பாதியாவது, ஒரு நொடியாவது திரையில் தெரிந்தால்தான் அது 'பார்க்கப்பட்டது' என்பது விளம்பரத் துறையில் பொதுவான அளவுகோல். அதை அளப்பதும் ஸ்கிரிப்ட்தான்.

நம்ம பக்கத்துக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது பீஸ் ரேட். பவர் டேபிளில் தைத்து, செக்கிங்கில் பாஸ் ஆன பீஸுக்குத்தான் கூலி. ஸ்கிரிப்டை நிறுத்திய வாசகர், இணையதளக்காரருக்குக் கணக்கில் வராத பீஸ். செய்தி எழுதியவருக்கும் சர்வருக்கும் ஆன செலவு ஆனதுதான், வரவு மட்டும் இல்லை. பல இடங்களில் வந்தவர் எண்ணிக்கையை எடுப்பதும் ஸ்கிரிப்ட் என்பதால், இப்படி ஒருவர் வந்து படித்துவிட்டுப் போனதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

தொகை எவ்வளவு? கணக்குக்காக, ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பார்வைக்கு 400 ரூபாய். நூற்றுக்கு ஐந்து பேர் ஸ்கிரிப்டை நிறுத்தியிருந்தால் நட்டம் 20 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு இது தூசு. தமிழில் தனியாளாக இணையதளம் நடத்துபவருக்கு அப்படி இல்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2003இல் வந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது அதிகாரபூர்வமாகத் திறந்தது 2018 பிப்ரவரியில்தான். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். அந்த நூறைத் தொட மாதக்கணக்கில் காத்திருக்கும் தளங்களுக்கு ஒவ்வொரு பார்வையும் கணக்குதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர் நகைக்கடையோ ஜவுளிக்கடையோ நேரடியாகப் பணம் கொடுத்து, அவர்கள் விளம்பரத்தைச் சாதாரணப் படமாகப் பக்கத்தில் போட்டிருந்தால், ஸ்கிரிப்ட் இல்லாவிட்டாலும் அது தெரியும். சுவர் விளம்பரம் மாதிரி. ஊர்ச் செய்தி தருகிற சிறிய தளங்கள் அந்தப் பழைய வழியை முழுதாகக் கைவிடாமல் இருப்பது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேண்டுமென்றே நிறுத்துபவர்கள் அதிகம் பேரா? பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் தங்கள் இணையதளத்தில் இதை எண்ணிப் பார்த்தது. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் 0.2 சதவீதம் பேர்தான் அதை நிறுத்தியிருந்தவர்கள், அல்லது அந்த வசதியே இல்லாத பிரௌசர் வைத்திருந்தவர்கள். மீதி 0.9 சதவீதம் பேருக்கு ஓடியிருக்க வேண்டும், ஆனால் ஓடவில்லை. பாதியில் அறுந்த சிக்னல் கூட இதற்குக் காரணமாக இருக்கலாம். பஸ்ஸில் போகும்போது விளம்பர இடம் வெள்ளையாகவே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் பக்கத்து நட்டத்துக்கு வருவோம். அரசு இணையதளங்கள் விளம்பர வருமானத்தை நம்பி நடப்பவை அல்ல, ஆனால் ஸ்கிரிப்டை நம்பித்தான் நடக்கின்றன. பட்டா, சிட்டா பார்க்கப் போகிறீர்கள். திருப்பூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அடுத்த பெட்டியில் மடத்துக்குளம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் என்று வட்டங்கள் வரிசையாக இறங்க வேண்டும். அதற்கடுத்து கிராமம். இறக்கித் தருவது ஸ்கிரிப்ட். அது ஆஃப் என்றால் பெட்டி காலியாகவே இருக்கும். ஓடிபி பெட்டி, கட்டணம் செலுத்தும் பக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான் நேரலாம். பிள்ளையின் காலேஜ் அட்மிஷனுக்கு சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்கக் கடைசி நாளில் உட்காரும்போது, "சர்வர் டவுன் போல" என்று நினைத்துக் காத்திருப்பீர்கள். கோளாறு, எப்போதோ நீங்களே மாற்றி மறந்துபோன செட்டிங்கில் இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து கூகுள் தேடலுக்கே ஜாவாஸ்கிரிப்ட் வேண்டியிருக்கிறது.

ஆகவே தொல்லை எங்கிருந்து வருகிறதோ அதை மட்டும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ் போங்கள். முதலில் நோட்டிஃபிகேஷன்ஸ். என்றைக்கோ யோசிக்காமல் 'அலவ்' கொடுத்த தளங்கள்தான் ராத்திரி பகல் பார்க்காமல் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும், அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். அடுத்து பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ், அது தடுக்கப்பட்டே இருக்கட்டும். இன்ட்ரூசிவ் ஆட்ஸ் என்ற பகுதியும் அங்கேயே உண்டு. படிக்க விடாமல் திரையை மறைக்கும் விளம்பரங்களைப் போடும் தளங்களில் விளம்பரத்தைத் தடுக்கும் இந்த வேலையை, குரோம் 2019 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கச் செய்துவருகிறது.

அதற்குப் பிறகும் ஒரு தளம் அடங்கவில்லையா? அதே சைட் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டைத் திறந்து, அந்த ஒரு முகவரியை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்து நிறுத்துங்கள். நீங்கள் நம்பிப் படிக்கிற தமிழ்த் தளத்துக்கு அதனால் நட்டமில்லை, பட்டா பக்கமும் திறக்கும்.

ஒன்றை மட்டும் ஸ்கிரிப்டை நிறுத்தித் தடுக்க முடியாது. அரசு சேவை மாதிரியே பெயர் வைத்துப் பணம் கேட்கும் போலித் தளங்களை முகவரியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். தமிழக அரசு சேவைத் தளத்தின் பெயர் பொதுவாக .டிஎன்.ஜிஓவி.ஐஎன் என்று முடியும், அதை ஆங்கில எழுத்துகளில் சரிபாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே ஆஃப் செய்து வைத்திருப்பவர்கள் இப்போதே சைட் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டை ஒருமுறை பார்த்து, திரும்ப ஆன் செய்துவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். வட்டத்தின் பெயர் பெட்டியில் இறங்கிவிடும்.