ராஜாவின் மன்னிப்பும் சீமேயியின் நரைமயிரும்

(தியான பகுதி: 2 சாமு. 16:5-14, 19:15-23, 1 இராஜா. 2:1-9, 36-46, ஆதி. 50:15-26)

இந்த மாதப் பாடம் முதலாவது எனக்குத்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலே பேசுவதற்காக 1 இராஜாக்கள் 2-ம் அதிகாரத்தை எடுத்து ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாம் வசனத்திலே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்லுகிறேன். முதலில் வேதத்தைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி எருசலேமை விட்டு ஓடுகிற நாள் அது. ஒலிவமலை ஏற்றத்திலே தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலாய், அழுதுகொண்டே ஏறிப்போகிறான் (2 சாமு. 15:30). பகூரிம் ஊர் வந்தவுடனே சவுலின் வம்சத்தானாகிய சீமேயி என்கிறவன் எதிரே வருகிறான். கல்லை எறிகிறான், மண்ணை வாரித் தூற்றுகிறான். அதோடு விட்டானா? மலைச்சரிவிலே கூடவே நடந்து வந்து தூஷிக்கிறான். சவுல் வீட்டாரின் இரத்தப்பழி உன்மேல் வந்துவிட்டது, அதனால்தான் ராஜ்யம் உன் மகன் கைக்குப் போயிற்று என்பது அவன் பேச்சு. விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து, உன்னைக் கர்த்தர்தான் அடித்தார் என்று சொன்னால் எப்படியிருக்கும்! வியாதிப்பட்ட வீட்டுக்கு விசாரிக்கப் போய், "என்ன பாவம் செஞ்சீங்களோ" என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் நம் நடுவிலும் உண்டே.

கூட இருந்த அபிசாய்க்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லுங்கள், போய்த் தலையை வாங்கிவிட்டு வருகிறேன் என்கிறான். தாவீது தடுத்தான். நான் பெற்ற பிள்ளையே என் உயிரைத் தேடுகிறான், இந்தப் பென்யமீனன் திட்டினால் என்ன, கர்த்தர் சொல்லித்தான் திட்டுகிறானோ என்னவோ, விட்டுவிடு என்றான். இந்த இடத்திலே தாவீது உண்மையாகவே விட்டுவிட்டான் என்றுதான் நான் நம்புகிறேன். காலிலே செருப்பில்லாமல் நடக்கிறவனுக்கு இரக்கம் சீக்கிரம் வரும்.

பிறகு அப்சலோம் செத்தான். ராஜா திரும்பி வருகிறான். யோர்தான் கரையிலே முதல் ஆளாய் வந்து காலில் விழுகிறவன் யார்? அதே சீமேயி! தனியாக வரவில்லை, பென்யமீன் மனுஷர் ஆயிரம் பேரோடே வருகிறான். நான் பாவஞ்செய்தேன், மனதிலே வைக்கவேண்டாம் என்று கெஞ்சுகிறான். அபிசாய் பழையபடி பட்டயத்தைப் பிடிக்கிறான். தாவீது மறுபடியும் தடுத்து, இன்றைக்கு இஸ்ரவேலில் ஒருவனும் கொல்லப்படக்கூடாது என்று சொல்லி, நீ சாவதில்லை என்று ஆணையிட்டுக் கொடுத்தான்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பத்சேபாள் காரியத்திலே தாவீது நொறுங்கிப்போய் நின்றபோது நாத்தான் தீர்க்கதரிசி அவனுக்குச் சொன்னதும் இதுவேதான் (2 சாமு. 12:13). சாகமாட்டாய் என்று கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்ட உறுதியை, இப்போது அதே மனுஷன் தன் சத்துருவுக்குக் கொடுக்கிறான். மேலேயிருந்து வாங்கியதைக் கீழே இருக்கிறவனுக்குக் கொடுப்பதுதானே அதிகாரத்தில் இருக்கிறவனுடைய வேலை. அல்லேலூயா என்று சொல்லி இந்த இடத்திலே வேதத்தை மூடிவிடலாம். அநேகப் பிரசங்கங்கள் இங்கேதான் முடிகின்றன.

ஆனால் பரிசுத்த ஆவியானவர் இன்னொரு பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். வருஷங்கள் போயிற்று. தாவீது மரணப்படுக்கையிலே சாலொமோனைக் கூப்பிட்டுப் பேசுகிறான். கர்த்தருடைய கட்டளைகளைக் கைக்கொள் என்று நன்றாய் ஆரம்பிக்கிறான். கொஞ்ச நேரத்தில் சீமேயியின் பேர் வருகிறது. பகூரிமில் என்னைக் கொடிய தூஷணமாய்த் தூஷித்தான், நான் அவனைக் கொல்லுவதில்லை என்று ஆணையிட்டேன், நீயோ அவனைக் குற்றமில்லாதவன் என்று விட்டுவிடாதே, நீ புத்திமான், செய்யவேண்டியது உனக்குத் தெரியும், அவன் நரைமயிர் இரத்தத்தோடே பாதாளத்தில் இறங்கட்டும். இதுதான் அந்த வசனங்களின் பொருள் (1 இராஜா. 2:8, 9). அப்பா! என்ன ஞாபகம்! ஊர் பேர் முதற்கொண்டு மறக்கவில்லை.

டிப்ளமோ படிக்கிற காலத்தில் இதைப்பற்றிப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. நான் தாவீதுக்காக வாதாடி எழுதினேன். சீமேயி ஆயிரம் பேரைத் திரட்டக்கூடியவன், அவன் கோத்திரத்தானாகிய சேபா பின்னர் கலகம் செய்தான் (2 சாமு. 20), ராஜ்யத்தின் பாதுகாப்பைப் பார்க்கவேண்டாமா என்றெல்லாம் எழுதினேன். நல்ல மார்க்கும் கிடைத்தது. அந்த நியாயங்கள் இன்றைக்கும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் தாவீது ராஜ்யத்தின் பாதுகாப்பைச் சொல்லவில்லையே. பகூரிமைத்தான் சொன்னான். ஆணையையும் அவன் மீறவில்லை, அதுதான் கஷ்டம். தன் கையால் கொல்லவில்லை, மகன் கையில் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் பேனாவை வைத்தேன்.

எங்கள் சபையிலே டோலக் வாசிக்கிற ஒரு சகோதரர் இருந்தார். ஆலயக் கட்டடக் காணிக்கையை எடுத்துத்தான் பாஸ்டர் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் கட்டினார் என்று மூன்று வீட்டிலே சொல்லிவிட்டார். அது பொய். சிமெண்ட் பில், கம்பி பில் எல்லாவற்றையும் மூப்பர்கள் முன்பாக வைத்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர் வந்து, "யாரோ சொன்னதைக் கேட்டுப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க ஐயா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஆராதனையிலே சபை நடுவே அவரைக் கட்டிப்பிடித்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சபையே அழுதது. நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் வேஷம் இல்லை, கர்த்தர் அறிவார்.

அடுத்த வாரம் டோலக்கை எடுக்க வந்தவரிடம், "பிரதர், கொஞ்ச நாள் தம்பி வாசிக்கட்டுமே" என்றேன். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிறகு அவருக்கு வேலை பக்கத்து ஜில்லாவுக்கு மாறினது. அங்குள்ள சபையில் சேர என்னிடம் கடிதம் கேட்டார். நல்ல விசுவாசி, ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று லெட்டர்பேடிலே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜெபம் பண்ணி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே அந்த ஊர் போதகருக்குப் போன் பண்ணி, "லெட்டர் வரும் பாஸ்டர். ஆனா அவர்கிட்ட கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்க. பண விஷயத்துல நாக்கு நீளம்" என்றேன். பக்கத்திலிருந்த என் மனைவி, "இதைச் சொல்லியிருக்க வேண்டாமே" என்றாள். ஒரு மேய்ப்பன் இன்னொரு மேய்ப்பனை எச்சரிப்பது கடமை என்று அவளுக்குப் பதில் சொன்னேன். பாருங்கள், எனக்கும் ராஜ்யத்தின் பாதுகாப்பு!

பாஸ்டர்மார் காரியம்தானே என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டவேண்டாம். உங்களுக்குக் கீழே ஒருவர் இருந்தால் நீங்களும் அதிகாரத்தில் இருக்கிறீர்கள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்த மகனை மன்னித்தேன் என்று சொன்ன தகப்பன், கடைசி நேரத்தில் மூத்தவனைக் கூப்பிட்டு என்ன சொல்லுகிறான்? மருமகளோடு சமாதானம் ஆன மாமியார், மகள் வந்து இறங்கினவுடனே அடுப்படியில் என்ன பேசுகிறார்கள்? வேலைக்காரன் தப்பை மன்னித்த மேஸ்திரி, அடுத்த கான்ட்ராக்டரிடம் அவனைப்பற்றி என்ன சொல்லி அனுப்புகிறான்?

இன்னொரு மரணப்படுக்கையையும் பார்ப்போம். யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டவன். 30 வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான். செழிப்பான ஏழு வருஷமும் பஞ்சத்தில் இரண்டு வருஷமும் கழிந்தபோது சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தி, முத்தமிட்டு அழுதான். அப்போது அவனுக்கு ஏறக்குறைய 39 வயது. அந்த 45-ம் அதிகாரத்தில் சகோதரர் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. கேட்காமலே கொடுத்தான். அதன்பின் யாக்கோபு எகிப்திலே 17 வருஷம் இருந்தான் (ஆதி. 47:28). தகப்பனை மக்பேலாவில் அடக்கம்பண்ணிவிட்டுத் திரும்பினவுடனே சகோதரருக்கு நடுக்கம் வந்துவிட்டது. அப்பா இருந்ததால் விட்டுவைத்தான், இனி சரிக்கட்டுவான் என்று நினைத்தார்கள். 17 வருஷம் அவன் கையால் சாப்பிட்டவர்கள்! ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான்.

ஏன் அழுதான்? வேதம் காரணம் சொல்லவில்லை. ஆனால் மன்னித்தவனுக்கு இது புரியும். தேவனுடைய இடத்திலே நான் உட்காரலாமா என்று அவர்களைக் கேட்டு, உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நான் போஷிப்பேன் என்று சொல்லி, அவர்கள் மனது ஆறும்படி பேசினான். 110 வயதுமட்டும் இருந்தான். அப்படியானால் தகப்பன் போனபின் இன்னும் 54 வருஷம். தோத்தானிலே குழியில் போட்டதை ஒருநாளும் எடுத்துப் பேசினதாக எழுதப்படவில்லை. மரிக்கும்போது கட்டளை கொடுத்தானா? கொடுத்தான். யாரிடத்தில்? தன் சகோதரரிடத்தில். என்ன கட்டளை? தேவன் உங்களைச் சந்திக்கும்போது என் எலும்புகளை இங்கிருந்து கொண்டுபோங்கள் என்பதுதான் (ஆதி. 50:24, 25). தன்னை இஸ்மவேலருக்கு விற்ற வீட்டாரிடத்திலேயே தன் எலும்பை ஒப்புக்கொடுத்தான். தாவீது படுக்கையிலே ஒருவன் நரைமயிரைப் பற்றிப் பேசினான், யோசேப்பு தன் எலும்பைப் பற்றிப் பேசினான். எபிரெயர் 11-ல் யோசேப்பின் விசுவாசத்திற்குச் சாட்சியாகச் சொல்லப்பட்டிருப்பது அந்தப் படுக்கைதான் (11:22).

"அப்படியானால் திருடினவன் கையில் மறுபடியும் காணிக்கைப் பெட்டிச் சாவியைக் கொடுக்கணுமா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மன்னிப்பும் ஒழுங்கும் சேர்ந்தே இருக்கலாம். நாத்தான் தாவீதுக்கு மன்னிப்பையும் சொன்னான், வரப்போகிற சிட்சையையும் சொன்னான். ஆனால் இரண்டையும் அவன் முகத்துக்கு நேரே, ஒரே நாளில் சொன்னான். சாலொமோன்கூட சீமேயியைக் கூப்பிட்டு, எருசலேமிலே வீடு கட்டிக் குடியிரு, கீதரோன் ஆற்றைத் தாண்டினால் சாவாய் என்று நேரே எல்லை போட்டான். சீமேயியும் நல்லது என்று ஒப்புக்கொண்டான். மூன்று வருஷம் கழித்து, காத் ஊருக்கு ஓடிப்போன இரண்டு அடிமைகளுக்காக அவனே எல்லையைத் தாண்டி ஜீவனை இழந்தது வேறு கதை. ஒரு பொறுப்பைத் திரும்பக் கொடுக்கமுடியாது என்றால், இன்ன காரணம், இத்தனை காலம் என்று அந்த ஆளிடமே சொல்லவேண்டும். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. "தம்பி வாசிக்கட்டுமே" என்றேன். கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் துக்கமே அவனை விழுங்கிவிடும் என்று பவுல் எழுதினதும், சபை அன்பை வெளியரங்கமாய் உறுதிப்படுத்தவேண்டும் என்று கேட்டதும் இதற்காகத்தான் (2 கொரி. 2:5-11). பேதுருவைப் பாருங்கள். மூன்று தரம் மறுதலித்தவனைக் கர்த்தர் மற்றச் சீஷர் முன்பாகவே மூன்று தரம் கேட்டு, அவர்கள் கேட்கவே ஆடுகளை ஒப்புக்கொடுத்தார் (யோவான் 21). பின்னால் போய் யோவானிடத்தில், இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பேசவில்லை, மூப்பர் ஒருவர் பேசினார். மறுநாள் காலை பஸ் ஏறினேன். நாலு மணி நேரப் பிரயாணம். வழியெல்லாம் என்ன சொல்லுவது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. சகோதரர் கதவைத் திறந்து, "வாங்க ஐயா" என்று நாற்காலி போட்டார். போனில் பேசியதைச் சொன்னேன். அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

"வந்த ரெண்டாவது வாரமே தெரியும் ஐயா" என்றார்.

"ஏன் பிரதர் என்னைக் கேக்கலே?"

"அன்னிக்கு சபை நடுவுல கட்டிப்புடிச்சீங்களே. நான் அதைப் புடிச்சுக்கிட்டேன். இதைக் காதுல போட்டுக்கலே."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சகோதரி டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இன்னும் நாள் ஆகும். அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு இருவருமாய் அந்த ஊர்ப் போதகர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லெட்டர்ல எழுதினதா, போன்ல சொன்னதா, நான் எதை வெச்சுக்கறது பாஸ்டர்?" என்று கேட்டார்.

"லெட்டரை வெச்சுக்கோங்க" என்றேன்.

"அப்ப போன்ல சொன்னதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார். அவர் மேஜையிலேயே எழுதினேன். இன்ன தேதியில் இன்னது சொன்னேன், அது என் மனக்கசப்பினால் சொன்னது, அதைத் தள்ளிவிடுங்கள் என்று ஏழெட்டு வரி. எழுதி முடித்துப் போதகரிடம் கொடுக்கவில்லை. சகோதரர் கையில் கொடுத்து, சத்தமாய் வாசிக்கச் சொன்னேன்.