முதுமையில் மனச்சிதைவு: பேச்சும் ஒரு மருந்தே

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயுள்ள பெரியவர்களைப் பற்றி, “வயதாகிவிட்டது, இனி மாத்திரை போதும்” என்று சொல்வதை இங்கே விக்ரோலியில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மாத்திரை அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது.

2005-இல் அமெரிக்காவில் எரிக் கிரான்ஹோம் குழுவினர், 42 முதல் 74 வயது வரையான 76 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு மருந்துடன், 24 வாரங்கள் குழுவாக உரையாடல் பயிற்சியும் தரப்பட்டது. நோயின் அறிகுறிகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பிறருடன் பழகுவது கூடியது. ‘நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்’ என்ற தெளிவும் வளர்ந்தது.

இப்பயிற்சியின் சாரம் எளியது. “பக்கத்து வீட்டார் மராத்தியில் என்னையே ஏசுகிறார்கள்” என்று அம்மா சொன்னால், “உளறாதே” என அதட்டாதீர்கள். ஆமாம் போடவும் வேண்டாம். “அப்படி நினைக்கக் காரணம் என்னம்மா? தண்ணீர் வராததைப் பற்றிப் பேசியிருப்பார்களோ?” என்று பொறுமையாகக் கேளுங்கள். விடையை அவரே தேடட்டும். முறையான சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் தேவை. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

பேச்சே சிகிச்சை என்னும்போது தாய்மொழி முக்கியம். நம் பெரியவர்கள் பலருக்கு இந்தியோ மராத்தியோ மனத்தைத் திறக்க உதவாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணை அழைத்து இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள்.