லுப்லியானாவுக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி: மே மாதம் வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து வெனிஸ் போகும் வழியில், ஸ்லோவேனியாவின் தலைநகரான லுப்லியானாவில் இறங்கலாம் என்று எண்ணம். வியாழன் இரவு போய்ச் சேருவோம். வெள்ளி இரவு வெனிஸுக்குப் பஸ். "சின்ன ஊர், அரை நாளில் முடிந்துவிடும். மத்தியானம் பிளெட் ஏரிக்குப் போய்விட்டு வாருங்கள்" என்கிறார் மாப்பிள்ளை. என் கணவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். தனி விசா எடுக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: விசா கவலையை முதலில் விடுங்கள். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி மூன்றுமே ஷெங்கன் நாடுகள். ஒரே விசா செல்லும். மூன்றிலும் யூரோதான்.

அடுத்தது மாப்பிள்ளையின் யோசனை. பிளெட் அழகான ஏரி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. ஏரியைச் சுற்றி வந்தால் 6 கிலோமீட்டர். முழங்கால் வலிக்காரரை இதில் இழுக்காதீர்கள். லுப்லியானா மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்தான். ஆனால் அரை நாளில் ஓடிப் பார்த்தால் அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஈபிள் கோபுரம் மாதிரி எதுவும் கிடையாது. உட்கார்ந்து, நின்று, சுற்றிப் பார்க்க வேண்டிய ஊர் அது.

கால் விஷயத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல ஊர். 2007 முதல் நகர மையத்தில் கார்களைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்காக 'கவாலீர்' என்ற சின்ன மின்சார வண்டிகள் சுற்றி வருகின்றன. கட்டணம் இல்லை, கை காட்டினால் நிற்கும். ஊர் நடுவே குன்றின்மேல் இருக்கும் கோட்டைக்கும் ஏறிப்போக வேண்டாம். சந்தைக்குப் பக்கத்திலிருந்து கம்பிவட ரயில் மேலே கொண்டுபோய் விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய தெருக்களில் கல் பதித்திருப்பார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டு, காலையில் நேரே மும்மைப் பாலத்துக்குப் போங்கள். ஆற்றின் குறுக்கே ஒரே இடத்தில் மூன்று பாலங்கள், விசிறிபோல் விரிந்து கிடக்கும். நடுவில் இருப்பது 1842இல் கட்டிய கல்பாலம். வண்டிகளும் ஆட்களும் பெருகி அது போதாமல் போனபோது, வேறு ஊராக இருந்தால் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள். யோஜே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் பழையதைத் தொடவில்லை. இருபுறமும் நடப்பவர்களுக்கு ஒவ்வொரு பாலத்தைச் சேர்த்தார். 1932இல் வேலை முடிந்தது. பக்கப் பாலங்களிலிருந்து படிகள் கீழே தண்ணீர் ஓரத்துக்கு இறங்குவதைக் கவனியுங்கள். கடந்து போவதற்கு மட்டுமில்லாமல், கொஞ்ச நேரம் நிற்பதற்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

இந்த ஊரைப் பார்ப்பது என்பது ஏறக்குறைய பிளெச்னிக்கைப் பார்ப்பதுதான். லுப்லியானாவில் பிறந்து, வியன்னாவில் படித்து, பிராக் கோட்டையைச் சீரமைத்து, சொந்த ஊரில் பாலம், சந்தை, நூலகம், ஆற்றங்கரை என்று 1957இல் இறக்கும்வரை செய்துகொண்டே இருந்தவர். 2021இல் யுனெஸ்கோ அவர் லுப்லியானாவில் செய்தவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பாலத்தின் ஒரு முனையில் இருக்கும் சதுக்கத்தில் நிற்கும் சிலை, ராஜாவுடையதும் இல்லை, தளபதியுடையதும் இல்லை. பிரெஷெரென் என்ற கவிஞர். நாட்டின் தேசிய கீதமே அவர் பாட்டின் ஒரு பகுதிதான். அவர் பார்வை போகும் திசையில், எதிர்த் தெருச் சுவரில் ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை இருக்கும். அது அவர் காதலித்த யூலியா, கல்யாணம் நடக்கவில்லை. ஊரே சேர்ந்து நடுத்தெருவில் இருவரையும் எதிரெதிரே வைத்திருக்கிறது!

மறு கரையில் சந்தை. நீங்கள் போவது வெள்ளிக்கிழமை என்பது அதிர்ஷ்டம். மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை வெள்ளிக்கிழமைகளில் அங்கே 'திறந்த சமையலறை' நடக்கும். உணவகக்காரர்கள் வெட்டவெளியில் கடை போட்டுச் சுடச்சுடச் சமைத்துத் தருவார்கள். மழை பெய்தால் கிடையாது. சைவத்துக்கு 'ஷ்த்ருக்ளி' கேளுங்கள்: மெல்லிய மாவில் பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டி வேகவைத்தது. இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. சூப்பை நம்பாதீர்கள், காய்கறி மிதந்தாலும் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். "ப்ரெஸ் மேசா" என்றால் இறைச்சி இல்லாமல். இந்த இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

டிராகன் பாலம் சந்தைக்குப் பக்கத்தில்தான். ஞாபகத்துக்கு ஒரு போட்டோ, அவ்வளவு போதும். கோட்டையிலும் அதிக நேரம் வேண்டாம், உள்ளே பெரும்பகுதி புதுப்பித்த கட்டடம். முற்றத்துக்குள் போகக் கட்டணமில்லை. வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் தெரியும்.

மத்தியானத்தை இரண்டு இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிளெச்னிக்கின் தேசிய நூலகம். செங்கல் சுவரில் கரடுமுரடான கற்கள் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் இருந்த அரண்மனை 1895 நிலநடுக்கத்தில் சேதமாகி இடிக்கப்பட்டது; அந்தக் கற்களில் சில அதனுடையவை. வாசல் கதவின் கைப்பிடி, வெண்கலக் குதிரைத் தலை. உள்ளே கருநிறக் கல் தூண்களுக்கு நடுவே இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் நீண்ட படிக்கட்டு. உங்கள் கணவர் கீழே நின்று பார்த்தாலே அது புரியும்.

இரண்டாவது, அதற்குப் பக்கத்தில் உள்ள நகர அருங்காட்சியகம். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே உள்ள சதுப்பு நிலத்தில் 2002இல் கிடைத்த மரச்சக்கரம் அங்கே இருக்கிறது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். அச்சோடு கிடைத்த மரச்சக்கரங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. சக்கரத்தின் நடுத்துளை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். அதாவது சக்கரம் மட்டும் சுழலவில்லை, அச்சும் சேர்ந்தே சுழன்றிருக்கிறது.

பயணத் தேதி எப்படி மாறினாலும் திங்களும் ஞாயிறும் வேண்டாம். திங்களன்று பல அருங்காட்சியகங்கள் விடுமுறை. ஞாயிறு சந்தை கிடையாது, பெரும்பாலான கடைகளும் அடைத்திருக்கும். சந்தையில் கரும்பச்சையாகப் பூசணி விதை எண்ணெய் விற்பார்கள், வாங்கலாம். ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.