மெலிசாவும் மதுசாரமும்: ஒரு சிறு கணக்கு



கந்தசஷ்டி விரதமிருந்த என் தாயார், வயிற்றுப் பொருமலுக்கென ஒருவர் கொடுத்த மூலிகைத் துளிமருந்தைக் குடித்து வந்தார். இரவில் நித்திரைக் குளிசையும் போடுபவர். போத்தலை வாசித்த நான் திகைத்தேன். அதில் மதுசாரம் இருந்தது.

மெலிசா, புதினா, துளசி, கற்பூரவள்ளி யாவும் ஒரே குடும்பச் செடிகள். இவற்றின் வாசனை எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது. மதுசாரத்தில் கரையும், பழுதடையாமலும் இருக்கும். 1826 இல் மரியா கிளெமென்டினே மார்ட்டின் என்ற கன்னியாஸ்திரி கொலோன் நகரில் விற்கத் தொடங்கிய மெலிசா வடிநீர் இன்றும் கிடைக்கிறது. பதற்றம், நித்திரைக் குறைவு, பொருமல் ஆகியவற்றுக்குத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள், தசைநோவுக்குப் பூசுவார்கள்.

ஜேர்மனியில் விற்கப்படும் அப்போத்தலில் மதுசாரம் 79 வீதம். கணக்கைப் பாருங்கள்: 10 மில்லிலீற்றரில் 7.9 மில்லிலீற்றர் மதுசாரம். 5 வீத பியர் 3 டெசிலீற்றரில் இருப்பது 15. ஆகவே ஒரு வேளை மருந்து அரைக் கிளாஸ் பியருக்குச் சற்று மேல். மூன்று வேளை என்றால் ஒன்றரைக் கிளாசுக்கும் மேல்.

எனவே பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஈரல் நோயாளர், நித்திரைக் குளிசை எடுப்போர் இத்தகைய மருந்தைத் தவிர்க்க வேண்டும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டவும் கூடாது. கடையில் "ஓனே அல்கஹோல்", அதாவது மதுசாரம் இல்லாதது, என்று கேளுங்கள்.

காய்ந்த மெலிசா இலையில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்தாலும் நல்ல குடிநீர்தான். மூடாவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். அம்மா இப்போது அதைத்தான் குடிக்கிறார்.