ஏர்கூலரே பாடமானபோது

வேலூர் மாவட்டத்தின் கோடையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த ஏர்கூலரைச் சென்ற ஆண்டு, ஏசி போல நினைத்து, கதவு ஜன்னல்களை மூடிவிட்டு ஓட்டினேன். “காத்து வருது சார், ஆனா கசகசன்னு இருக்கு” என்றாள் ஒரு மாணவி. அப்போது என்னிடம் பதில் இல்லை.

இந்த மார்ச்சில் கூலரைத் தயார்செய்வதையே எட்டாம் வகுப்புக்குப் பாடமாக்கினேன்.

செயல்பாடு 1: பிளக்கைக் கழற்றிய பிறகே கூலரைத் திறந்தேன். பேட் முழுவதும் வெள்ளைப் படிவு. சுரண்டி எடுத்து வினிகர் விட்டோம், நுரைத்தது. போர் தண்ணீரின் கால்சியம் கார்பனேட்! பேட்டை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினோம். நீர் சொட்டும் குழாயின் துளைகளை ஊசியால் குத்தி அடைப்பு நீக்கினோம். பேட் முழுதும் நனைந்தால்தான் ஆவியாதல் முழுமையாக நடக்கும்.

செயல்பாடு 2: இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. மதியம் 2 மணிக்கு உலர்ந்தது 38 டிகிரி செல்சியஸ், ஈரமானது 25. நீர் ஆவியாக வெப்பம் தேவை. அதைத் துணியிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கூலர் காற்றை எவ்வளவு குளிர்வித்தாலும் இந்த 25-க்குக் கீழே போகாது.

பிறகு ஜன்னல்களை மூடி, கூலரை அறைக்குள்ளேயே ஓட்டினோம். அரை மணி நேரத்தில் 13 டிகிரி இடைவெளி 4 ஆகச் சுருங்கியது. காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டதால் பேட்டிலும் சரி, நம் தோலிலும் சரி, ஆவியாதல் குறைந்துவிட்டது. கூலரை ஜன்னலோரம் வைத்து, வெளிக்காற்றை இழுக்கச் செய்து, எதிர் ஜன்னலைத் திறந்தோம். வந்த காற்று 28 டிகிரி.

“அப்போ போன வருஷம் நாமதான் தப்பு பண்ணினோமா சார்?” அதே மாணவி.

“நாம இல்லம்மா, நான்தான்.”

செயல்பாடு 3: தொட்டியில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு வளரும். அதன் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலும் பல மாதம் தாங்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். வெள்ளிதோறும் பிளக்கை நான் கழற்றுகிறேன். தொட்டியைத் தேய்ப்பது மாணவர்களின் முறைப்பட்டியல்படி.

கூலர் இல்லாத பள்ளியிலும் இரண்டு வெப்பமானிகளும் ஒரு துண்டுத் துணியும் போதும். கடலோரப் பள்ளி நண்பர்களே, உங்கள் ஊரில் அந்த இடைவெளி எவ்வளவு? அளந்து எழுதுங்கள், எங்கள் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.